கோட்டின் வலது ஓரம்

பிப்ரவரி 18, செவ்வாய்

பம்புசெட் கடைக்காரர் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

மதுரையில் ஒரு கல்லூரியில் உளவியல் ஆராய்ச்சி செய்கிற நஸ்ரின் என்ற பெண், போன மாதம் என் மனைவி ஜெயக்கொடிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது வராந்தாவில் என்னிடம் வந்து பேசினாள். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பசி எப்படி இருக்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஜெயக்கொடிக்கு இரைப்பையில் புற்றுநோய் வந்த நாளிலிருந்து அவளுடைய பசியைப் பற்றிக் கேட்காத ஆளில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பசியைக் கேட்ட முதல் ஆள் இந்தப் பெண்தான். சரி என்று தலையாட்டிவிட்டேன். இன்று விருதுநகருக்கு பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

ஒரு கட்டுத் தாள் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. இடது ஓரத்தில் 'கொஞ்சமும் பசி இல்லை' என்றும், வலது ஓரத்தில் 'இதற்கு மேல் பசிக்க முடியாது' என்றும் அச்சடித்திருக்கிறது. சாப்பிடுவதற்கு முன்னால் கோட்டின் மேல் குறுக்கே ஒரு கீறல் போட வேண்டும். வாராவாரம் அவள் வந்து ஸ்கேல் வைத்து அளந்துகொள்வாள்.

"நம்பரே போட்டுட்டா என்னம்மா?" என்று கேட்டேன்.

"நம்பர்னா நேத்துப் போட்டது ஞாபகம் வந்து அதையே போடுவீங்க சார். கோடுன்னா அந்த நேரத்துக்கு என்ன தோணுதோ அத வைப்பீங்க."

வேலையில் இருந்த காலம் முழுக்க வீடுவீடாகப் போய் மின் மீட்டரில் ரீடிங் எடுத்தவன் நான். "எனக்கே மீட்டர் மாட்டுறியா தாயி" என்றேன். சிரித்தாள்.

"இப்பவே ஒண்ணு போட்டுப் பாருங்க."

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. காலையில் குடித்த காபியோடு நின்றுகொண்டிருந்தேன். கட்டிலைக் கொடுத்தால் கட்டிலைத் தின்றிருப்பேன். ஆனால் அந்தக் கட்டிலில்தான் ஜெயக்கொடி படுத்திருந்தாள். நான் எங்கே கீறப்போகிறேன் என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். மூன்று நாளாக அவளுக்கு இறங்கியது சில கரண்டிக் கஞ்சிதான். பேனா இடது பக்கம் போய்விட்டது.

"இவுகளுக்கும் பசி செத்துப்போச்சு பாப்பா" என்றாள் ஜெயக்கொடி. அதை நஸ்ரின் குறித்துக்கொண்டாள்.

தாளோடு ஒரு குறிப்பும் எழுதி வைத்தால் உதவும் என்று போகும்போது சொன்னாள். எழுதுகிறேன். ஆனால் இந்த டைரியை அவளுக்குக் கொடுக்கப்போவதில்லை.

பிப்ரவரி 19, புதன்

காலை, பசி இல்லை என்று கீறினேன். இட்லி ஆறு. அடுக்களையில் நின்றபடியே.

பிப்ரவரி 21, வெள்ளி

துணி துவைத்தேன். மாவு வாங்கினேன். மோட்டார் போட மறந்து தொட்டி காலி.

மத்தியானம் ஜெயக்கொடிக்குக் குழைந்த சோற்றில் மோர் விட்டுக் கொடுத்தேன். இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். "நீங்க போயிச் சாப்பிடுங்க" என்றாள். "எனக்கும் இறங்கல" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவளுக்கு அம்மை போட்டபோது நான் வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்; அன்றைக்கு இருந்த முகம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஒண்ணா பட்டினி கெடக்கோம்" என்று சிரித்தாள்.

அந்தக் கை என் கையில் இருக்கும்போதே வயிறு உறுமியது. அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று இருமினேன்.

சாயங்காலம் வாந்தி மாத்திரை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுச் சந்துமுனையில் சீனிச்சாமி கடைக்குப் போனேன். பொரித்த பரோட்டா நான்கு, சால்னா, ஒரு தட்டு சுக்கா. கல்லில் எண்ணெய் பொங்குகிற சத்தம் கேட்டாலே எனக்குக் கண் கலங்குகிறது. வேறு யோசனையே வருவதில்லை. மாத்திரையும் வாங்கினேன். அது பொய் இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

நஸ்ரின் வந்து அளந்தாள். ஒரு வாரத்துக் கீறல்கள் எல்லாம் இடது ஓரத்தில் ஈ மொய்த்த மாதிரி இருந்தன.

"ரொம்பக் கம்மியா இருக்கே சார். எடை பாத்துரலாமா?"

பையிலிருந்து எடை மெஷினை எடுத்துத் தரையில் வைத்தாள். ஏறினேன். போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்ததைவிட இரண்டு கிலோ கூட. சட்டைப்பையில் சாவிக்கொத்து இருக்கிறது என்றேன். அவள் சாவிக்கொத்தைப் பார்த்தாள், பிறகு எழுதிக்கொண்டாள்.

தண்ணீர் குடித்துக்கொண்டே பொதுவாகச் சொல்வது போலச் சொன்னாள்: "நெறையப் பேரு கூச்சப்பட்டுக்கிட்டுக் கம்மியா கீறுவாங்க சார். யார் வீட்டுக்குப் போனாலும் 'இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்'னு சொல்லிப் பழகின ஆளுங்கதான நாம."

மீட்டரில் காந்தம் வைத்து ஓட்டத்தைக் குறைக்கிறவர்கள் எத்தனை பேரைப் பிடித்திருப்பேன். வாசலிலேயே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன், இந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று. அந்தப் பார்வையோடு இந்தச் சின்னப் பெண் என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மார்ச் 1, சனி

டோர் லாக். ரீடிங் இல்லை. (வீடு பூட்டியிருந்தால் அப்படித்தான் எழுதுவோம். திருப்பூரிலிருந்து மகள் வினோதினி வந்திருந்தாள். அவள் முன்னால் நடிக்கப் பிடிக்காமல் தாளை எடுக்கவே இல்லை.)

மார்ச் 4, செவ்வாய்

ரம்ஜான் நோன்பு தொடங்கிவிட்டது. நஸ்ரின் நோன்போடு வந்திருந்தாள். ஜெயக்கொடி விஷயம் தெரியாமல் மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு வருத்தப்பட்டாள்.

"நீ கோடு போட்டா எங்க போடுவ?" என்று கேட்டேன்.

"நாலு மணிக்கு மேலன்னா வலது ஓரத்துலதான் சார். பசிக்கிறதுல என்ன வெக்கம்? வயித்தப் படைச்சவனுக்குத் தெரியாதா?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

அவள் போன பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. ஜெயக்கொடி தானாகவே கேட்டாள்: "நான் ஒரு இட்லி தின்னா நீங்களும் தின்பீங்களா?" தின்பேன் என்றேன். பிய்த்துப் பிய்த்துத் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒரு முழு இட்லியைச் சாப்பிட்டுவிட்டாள். அவள் எதிரில் உட்கார்ந்து நானும் ஒன்று சாப்பிட்டேன். இன்னொன்று எடுத்தபோது அவள் கண் பளபளத்தது.

வினோதினிக்கு போன் செய்து சொன்னேன். அவள் அழுதாள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டது வீண்போகவில்லை என்றாள்.

மார்ச் 6, வியாழன்

காலை அவளுக்கு ஒன்றரை இட்லி. மத்தியானம் பருப்புச் சோறு, ஒரு கைப்பிடி. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை. சந்தோஷத்தில் சீனிச்சாமி கடையில் ஐந்தாக்கிவிட்டேன்.

மார்ச் 8, சனி

ஜெயக்கொடி இப்போதெல்லாம் சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுவிடுகிறாள். வெகுநேரம் ஓடுகிறது. தொட்டியில் பாதி காலி. "தண்ணிய இப்படி வீணாக்கினா எப்படி?" என்று வெளியிலிருந்து கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 10, திங்கள்

இரண்டு இட்லி. சட்னிகூடக் கேட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

நஸ்ரின் அளந்துகொண்டிருக்கும்போது ஜெயக்கொடி கட்டிலிலிருந்தே கேட்டாள்: "பாப்பா, போன வாரத்துக்கு இந்த வாரம் இவுகளுக்குக் கூடியிருக்கா?"

"கொஞ்சம் கூடியிருக்கும்மா."

"அப்ப சரி" என்றாள். கணக்கில் பாஸ் ஆன பிள்ளை மாதிரி.

வாசல்வரை வந்த நஸ்ரின் செருப்பைப் போட்டுக்கொண்டே நின்றாள். "அம்மா நல்லாச் சாப்பிடுறாங்களா சார்?" என்றாள். ஆமாம் என்றேன். "ஆனா மெலிஞ்சிருக்காங்களே." வியாதிதான் என்றேன். இன்னும் ஏதோ கேட்க வந்து கேட்காமல் போனாள்.

மார்ச் 13, வியாழன். மதுரை, ஆஸ்பத்திரி

நேற்றுக் காலை இட்லி சாப்பிட்டு முடித்த கையோடு அப்படியே வாந்தி. குளியலறைவரை போகக்கூட முடியவில்லை. இட்லி, பிறகு வெறும் நுரை, பிறகு ரத்தம். ஆம்புலன்ஸில் வந்தோம்.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு டம்ளர் கஞ்சி தங்குனாலே பெரிய விஷயம்னு சொல்லித்தான அனுப்புனேன். யாரு இவங்கள இப்படிச் சாப்பிட வச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயக்கொடி சொன்னாள்: "யாரும் வைக்கல சார். நான் சாப்பிடலன்னா இவுகளும் சாப்பிட மாட்டேங்கிறாக. அந்தப் பாப்பா அளந்து பாத்துச்சு, பசியே இல்லன்னு. எனக்கு முன்னாடி இவுக போயிருவாகளோன்னு பயமாப் போச்சு."

டாக்டர் என் தோளைத் தட்டினார். "நீங்களும் உடம்பப் பாத்துக்கங்க" என்றார்.

நான் அப்போதுதான் கீழே கேண்டீனில் பொங்கலும் வடையும் தின்றுவிட்டு ஏறி வந்திருந்தேன். சட்டையில் சாம்பார்.

அந்தக் குழாய். தண்ணீர் வீணாகிறது என்று நான் கத்திய அந்தக் குழாய். உள்ளே அவள் எனக்காக விழுங்கிய இட்லியை வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று திறந்துவிட்டிருக்கிறாள்.

சொல்லிவிட வேண்டும். இன்றே சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

சொல்லவில்லை. அவளுக்கு இடுப்பு வலி. சொல்கிற நேரம் இல்லை.

மார்ச் 15, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி மருந்து ஏற்றுவதில் பயன் இல்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வலிக்கு மட்டும் மருந்து. "இஷ்டப்பட்டதக் குடுங்க, கட்டாயப்படுத்தாதீங்க."

அவளிடம் இதையும் சொல்லவில்லை, அதையும் சொல்லவில்லை. வாய் என்று ஒன்று எனக்கு எதற்கு இருக்கிறது என்று தெரிகிறது. தின்ன.

மார்ச் 17, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் வாசலில் யாரோ கூப்பிடுகிற சத்தம். சீனிச்சாமி. கடையில் தம்பியை நிறுத்திவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஒரு பார்சலோடு வந்திருந்தான். நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களால்தான் எனக்குக் கேடு.

"மதினி, மேலுக்கு எப்படி இருக்கு?" என்று கட்டிலுக்கு அருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீகன்னு இப்பத்தான் தெரியும். நான் அண்ணாச்சிக்குத்தான் முடியலியோன்னு பயந்துட்டேன். ஒரு மாசமா ஒரு நாள் தப்பாம கடை தொறந்ததும் மொத ஆளா வந்துருவாக. அஞ்சாறு நாளாக் காணோமா, மனசு கேக்கல."

நான் இருமினேன். காபி போடட்டுமா என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம் என்று அப்போதும் நினைத்தேன்.

"காபியெல்லாம் வேண்டாண்ணாச்சி. எப்பவும் போல நாலு பொரிச்சது கட்டியாந்துருக்கேன். சுக்காவும் இருக்கு." ஜெயக்கொடி பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி சாப்பிடுறதப் பாத்தாலே அடுத்தவனுக்குப் பசி எடுக்கும் மதினி. நம்ம கடைக்கே அவுகதான் ராசி."

புகழ்ந்துதான் சொன்னான், பாவி.

ஜெயக்கொடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தினமுமா தம்பி?"

"ஞாயித்துக்கிழமைகூட."

"வச்சுட்டுப் போங்க தம்பி. நல்லா இருங்க."

அவன் போய்விட்டான். பார்சல் ஸ்டூலின் மேல் இருந்தது. சால்னா வாசனை அறை முழுக்க நிறைந்துவிட்டது. அந்த வாசனைக்கே அவளுக்குக் குமட்டும், தெரியும். எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பார்சலை நான் திறக்கவில்லை. பின்பக்கம் நாய்க்குப் போட்டேன். அப்போதும் பசித்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஜெயக்கொடி பேசவில்லை. கஞ்சியை வாங்கிக்கொள்கிறாள், மாத்திரையை வாங்கிக்கொள்கிறாள், என்னைப் பார்ப்பதில்லை.

நஸ்ரின் வந்ததும் அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போய், இதுவரை கீறியது எல்லாம் பொய் என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். என் மகளைவிட வயதில் சின்னவள்.

"தெரியும் சார்" என்றாள். "எடை பாத்த அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"நான் கேட்டிருந்தா இன்னும் கம்மியாக் கீறியிருப்பீங்க." நோன்பில் உதடு காய்ந்திருந்தது. "தப்பு என் மேலயும் இருக்கு சார். தனியா இருக்கும்போது கீறச் சொல்லணும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்துருக்காங்க. அம்மா பாத்துக்கிட்டு இருக்கும்போது நான் பேனாவக் குடுத்துட்டேன். அவங்க முன்னாடி நீங்க வேற எங்க கீறியிருக்க முடியும்?"

அவள் எனக்கு ஒரு வழி விட்டுக்கொடுத்தாள். அதில் போக எனக்கு வெட்கமாக இருந்தது.

மார்ச் 19, புதன்

மத்தியானம் அவளாகவே பேசினாள். சுவரைப் பார்த்தபடிதான்.

"நீங்க தின்னதுக்குக் கோவம் இல்ல."

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

"நல்லா இருக்கிற ஒடம்பு, பசிக்கத்தான் செய்யும். கேட்டிருந்தா நானே போயிட்டு வாங்கன்னு காசு எடுத்துக் குடுத்துருப்பேன். ஒவ்வொரு வாயும் முள்ளு மாதிரி எறங்குச்சுங்க எனக்கு. இது நான் தின்னல, அவுக வயித்துக்குப் போகுதுன்னு நெனச்சு நெனச்சு முழுங்குனேன். உங்களுக்கு நான் கடைசியாச் செஞ்ச காரியம்னு நெனச்சேன். அது ஒண்ணுத்துக்கும் இல்லாமப் போச்சு."

"நீ என் கையப் பிடிச்சியே" என்று மட்டும் சொன்னேன். "அதுக்காகத்தான் சொன்னேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

ரொம்ப நேரம் கழித்து இந்தப் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு என்ன சமைச்சீங்க?"

"கத்தரிக்காக் கொழம்பு."

"தட்டுல போட்டு இங்க கொண்டாங்க. என் முன்னாடி உக்காந்து திங்கணும். அந்தத் தாளையும் எடுத்துட்டு வாங்க."

கோட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கீறினேன். கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள்.

"பொய். இன்னும் தள்ளுங்க."

அடித்துவிட்டுத் தள்ளினேன்.

"இன்னும்."

வலது ஓரத்துக்கு வந்த பிறகுதான் விட்டாள். மூன்று முறை சோறு போட்டுக்கொண்டு தின்றேன். அழுதுகொண்டே தின்றேன். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை.

மார்ச் 22, சனி

மூன்று வேளையும் அவள் முன்னால்தான். இது தண்டனையா என்று முதலில் நினைத்தேன். இப்போது தெரியவில்லை. "உப்பு பத்தலையா, மூஞ்சி அப்படிப் போகுது?" என்கிறாள். "அவசரப்படாதீங்க, யாரும் புடுங்கப்போறதில்ல" என்கிறாள். நான் சாப்பிடுவதை அவள் இவ்வளவு வருஷத்தில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மார்ச் 25, செவ்வாய்

நஸ்ரின் புதுத் தாள்களை அளந்தாள். "இது வரைக்கும் யாருமே இவ்வளவு ஓரத்துல கீறல சார்" என்றாள். ஜெயக்கொடி பெருமையாக என்னைப் பார்த்தாள்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். நஸ்ரின் பிரியாணி கொண்டு வந்தாள். ஜெயக்கொடிக்குப் பாலில் ஊறவைத்த சேமியா, ஒரு சின்னக் கிண்ணத்தில். நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு பாப்பா என்றாள். தொட்டதோடு சரி. நஸ்ரினைக் கட்டாயமாக என் கூடவே உட்கார்ந்து சாப்பிடச் சொன்னாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றைக்கு வெறும் தண்ணீர்தான். அதுவும் பஞ்சில் நனைத்து.

சாயங்காலம் சொன்னாள்: "நான் போற அன்னைக்கும் உங்களுக்குப் பசிக்கும்."

"வாயக் கழுவு."

"பசிக்கும்ங்க. எனக்குத் தெரியும். பசிச்சா என் முன்னாடியே திங்கணும். அன்னைக்கும் ஒளிஞ்சு பின்வாசல் வழியாப் போனீங்கன்னா எனக்குத்தான் அசிங்கம்."

எரிந்து விழுந்துவிட்டு வெளியே போய் நின்றேன். அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரே வெளிச்சமாக இருந்தது. ராட்டினம் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வினோதினி வந்துவிட்டாள். லீவு சொல்லிவிட்டாளாம். அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று விடியும்போது ஜெயக்கொடி போய்விட்டாள். வினோதினி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கஷ்டப்படவில்லை.

சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். கூடத்தில் கிடத்தினார்கள். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. எடுக்கிறவரை மூட்டக் கூடாது. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக அடுத்த வீட்டில் இட்லி அவித்து அண்டாவில் வைத்திருந்தார்கள். என் தம்பி மகன் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்பதால் எடுக்கச் சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்தார்கள். "பச்சத் தண்ணி பல்லுல படல மனுஷனுக்கு" என்று ஒரு பெரியம்மா என் காதுபடவே அடுத்தவளிடம் சொன்னாள். "பொண்டாட்டி மேல அவ்வளவு பிரியம்." பிப்ரவரியில் ஜெயக்கொடி என் கையைப் பிடித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. சும்மா இருந்தால் போதும்; ஊரே என்னைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

மத்தியானம் ஆனது. பசித்தது. அவள் சொன்ன மாதிரியே பசித்தது. துக்கம் ஒரு பக்கம் இருந்தது, அதைக் கொஞ்சமும் குறைக்காமல் பசி இன்னொரு பக்கம் இருந்தது. ஊதுபத்தி வாசனைக்கு நடுவில் அடுத்த வீட்டுச் சாம்பார் வாசனை எனக்குத் தனியாகத் தெரிந்தது.

ஜெயக்கொடியின் அண்ணன், என் மச்சான், குனிந்து காதில் சொன்னார்: "மாப்ள, மூஞ்சி வெளிறிப்போச்சு. பின்பக்கமா வாங்க, ஒரு வடையும் டீயும் வாங்கி வச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது."

எழுந்தேன். அடுக்களை தாண்டிப் பின்வாசல்வரை போய்விட்டேன். குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை நன்றாகத் திருகி மூடினேன். பிறகு மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் கூடத்துக்கே வந்தேன்.

"வினோ."

"என்னப்பா?"

"எனக்குப் பசிக்குது. தட்டுல நாலு இட்லி போட்டு இங்க கொண்டா."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். "எடுக்கிற வரைக்கும் பொறுக்கக் கூடாதாய்யா?" என்றது பெரியம்மா. "அறுபது தாண்டியும் நாக்கு அடங்கலியே" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். வினோதினி என்னையும் அவள் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போய்க் கொண்டுவந்தாள்.

ஜெயக்கொடியின் முகத்துக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்றேன். அவசரப்படவில்லை. இவ்வளவு அவமானம் என் வாழ்க்கையில் நான் பட்டதில்லை. நாலும் போதாமல் இன்னும் இரண்டு கேட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலை. வினோதினி உப்புமா கிளறியிருக்கிறாள். தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கட்டிலை மடக்கிச் சுவரோரமாகச் சாத்திவிட்டார்கள். தாள் இன்னும் நான்கைந்து மீதி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நஸ்ரின் வருவாள். ஒன்றை எடுத்து, கோட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கீறினேன்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். உப்புமா ஆறிக்கொண்டிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நானே அதை அடித்துவிட்டுத் தள்ளிப் போட்டேன். அதையும் அடித்துவிட்டு இன்னும் தள்ளிப் போட்டேன்.